மனைக்கல்லுக்குள் பொன்னாங்கண்ணி

குன்றத்தூரைத் தாண்டி ஷேர் ஆட்டோ என்னை இறக்கிவிட்டுப் போகிறது. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு களைகூட இல்லாத நெல் வயல். அந்தப் பக்கம் மனைக்கல் நட்ட நிலம். அங்கே ஒரு பெண் குனிந்து பொன்னாங்கண்ணி பறித்துக்கொண்டிருக்கிறார்.

“வயல்ல கிடைக்காதா அக்கா?”

“அங்க களைக்கு மருந்து அடிச்சிட்றாங்க சார். முன்னெல்லாம் களையெடுக்கப் போனா மடி நெறைய கீரையோட வூட்டுக்கு வருவோம். இங்க போன வருசம் வரைக்கும் உழுதாங்க. அதான் இன்னும் மொளைச்சிகினு கீது.”

“அடுத்த வருசம்?”

“உழாம வுட்டா முள்ளுதான்.”

மருந்தடித்த வயலிலும் இல்லை, உழாத நிலத்திலும் இல்லை என்றால் இது எங்கேதான் முளைக்கும்? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

“மனை பாக்க வந்தீங்களா சார்?”

தலையாட்டுகிறேன். அவர் சட்டென்று கல்லுக்கு வெளியே காலை எடுத்து வைக்கிறார்.

“உங்க எடமா? பறிச்சிக்கட்டுமா?”