ஒரே கொத்தில் எல்லாச் சாவியும்

மலைப்பாதையில் கார் நிறுத்துகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பிவிட்டுப் போவதில்லை. பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்த பிறகுதான் நிம்மதி. புறப்படும்போது என்ஜினைப் போட்டு, வண்டியை ஒரு சாண் முன்னால் எடுத்து, சக்கரத்தின் அழுத்தத்திலிருந்து கல்லை விடுவித்து, அதைத் தூக்கிப் பாதையோரம் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கல்லை நடுப்பாதையிலேயே விட்டுவிட்டுப் போகிறவனை இங்கே மனிதரில் சேர்க்க மாட்டார்கள். அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரன் அதில் ஏறி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? பஸ்ஸில் இந்த வேலைக்குக் கண்டக்டர் இருக்கிறார், லொறியில் கிளீனர் இருக்கிறார். என் காரில் டிரைவரும் நான்தான், கிளீனரும் நான்தான்.

கொஸ்லந்தைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு பண்டாரவளையில். நாலு வயது மகளை என்னோடு கூட்டிக்கொண்டு வந்து, பாடசாலைக்குப் பக்கத்திலுள்ள முன்பள்ளியில் விட்டுவிட்டு, பின்னேரம் கூட்டிக்கொண்டு திரும்புவேன். கணவருக்கு பதுளையில் வேலை. அவர் பஸ்ஸில் போய் வருகிறார். அதனால் கார் எனக்கு. கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கையில் அது படாதபாடு பட்டதோ தெரியாது. ஹேண்ட் பிரேக் இளகிப்போய்விட்டது, இறுக்க வேண்டும், இறுக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ஆனால் சென்டர் லொக் மட்டும் புத்தம் புதிது. ஓடும் காரில் மகள் ஒருமுறை பின்கதவைத் திறக்கப் பார்த்தாள். அன்றிலிருந்து கணவருக்குத் தூக்கமில்லை. கடையில் கொடுத்துப் பொருத்திக்கொண்டு வந்துவிட்டார். என்ஜின் ஓடும்போது கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தால் அதுவே பூட்டிக்கொள்ளும். பிள்ளைக்குப் பாதுகாப்பாம்.

அன்று பாடசாலை விட்டபோது மழை. சும்மா மழை இல்லை, காலையிலிருந்து விடாமல் கொட்டிய மழை. அப்படிப் பெய்தால் இந்தப் பக்கத்துச் சனங்கள் வேலைக்கு நடுவிலும் அடிக்கடி தலையைத் தூக்கி, மண் சரியுமோ என்று மலையைப் பார்த்துக்கொள்வார்கள். கார் பாடசாலை வரைக்கும் இறங்காது. மேலே, தோட்டப் பாதையின் ஏற்றத்தில், மூக்கை மேல்நோக்கி வைத்து நிறுத்தியிருந்தேன். அதற்குப் பின்னால் பாதை சரிந்துபோய் ஒரு வளைவில் திரும்புகிறது. வளைவில் சுவர் ஒன்றும் கிடையாது. தேயிலைச் சரிவு, அதன் அடியில் ஓடை, அவ்வளவுதான்.

மகளைப் பின்சீட்டில் ஏற்றிப் பெல்ட் போட்டேன். கைப்பையை முன்சீட்டில் எறிந்தேன். என்ஜினைப் போட்டு, கொஞ்சம் முன்னால் எடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற மட்டும் இழுத்துவிட்டு இறங்கினேன். குனிந்து கல்லைத் தூக்கிய அதே நேரம் பின்னால் கதவு சாத்திய சத்தம் கேட்டது. ஏற்றத்தில் நிற்கிற காரின் கதவு தன் பாரத்துக்குத் தானே மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததா? தினமும் குடையை இடையில் சொருகி வைப்பேன். அன்று மறந்துவிட்டேன். கதவு மூடியதும் டக் என்று இன்னொரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

கையில் கல். காருக்குள் மகள். என்ஜின் ஓடுகிறது. அந்த வண்டியை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது இளகிப்போன பிரேக் மட்டும்தான்.

கல்லைத் திரும்பச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினேன். ஈரத்தில் அது சரியாக உட்காரவில்லை, டயருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. குனிந்து அதை நெருக்கி வைக்கலாம் என்றால், அந்த நேரத்தில் வண்டி அசைந்தால் கை போய்விடும். காலால் உதைத்து உதைத்து வைத்தேன்.

மேலதிகச் சாவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலதிகச் சாவி உண்டு. காரின் மேலதிகச் சாவி, நகையோடும் காணி உறுதிப் பத்திரத்தோடும் அலமாரிக்குள் கவனமாகப் பூட்டியிருக்கிறது. அந்த அலமாரிச் சாவியும், வீட்டு வாசற்கதவுச் சாவியும், வகுப்பறை அலமாரிச் சாவியும் ஒரே கொத்தில் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கொத்து கார்ச் சாவியோடு சேர்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஓடுகிற என்ஜினின் நடுக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கொத்துச் சாவி இடுப்பில் இருந்தால் வீட்டுக்காரி என்ற பெருமை எனக்கும் ஒட்டிக்கொண்டதுதான், வேறென்ன?

அதற்குள் மகள் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். சீட்டுகளுக்கு நடுவால் நுழைந்து, கியர் கம்பில் ஒரு காலும் ஹேண்ட் பிரேக்கில் ஒரு காலுமாக வைத்து, என் சீட்டில் வந்து ஏறி நின்றாள். அந்தக் கால் பிரேக்கின் மேல் இருந்த நேரம் முழுக்க நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

"அங்க தொடாத! கையை எடு! காலை எடு!"

மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கண்ணாடியை அறைந்து இன்னும் உரக்கக் கத்தினேன். "அந்தக் குமிழை மேல இழு! இந்தா, இதை! இழுடீ!" கதவின் உள்விளிம்பில் நிற்கும் சின்னக் கறுப்புக் குமிழ் அது. ஒரு விரலால் தூக்கிவிடலாம். மகளுக்கு மூன்று விரற்கடை தூரத்தில் இருந்தது.

அவள் அசையவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கீழுதடு நடுங்க, என்னையே பார்த்தாள். நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவள் கதவைவிட்டு உள்ளே ஒதுங்கினாள். ஒதுங்கினால் பின்னால் இருப்பது ஹேண்ட் பிரேக்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்ல என்ன வெட்கம், பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. அவள் மேல், கதவின் மேல், கணவர் மேல், பாதுகாப்புக்காக என்று பல்லைக் காட்டி அந்தப் பூட்டை விற்ற கடைக்காரர் மேல்.

மடுவத்துக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நாலைந்து பெண்கள் கீழிருந்து வந்தார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, தலைக்குமேல் பொலித்தீன். எல்லாரும் என் மாணவர்களின் தாய்மார்.

"என்னாங்க டீச்சர், இப்புடி நனைஞ்சுகிட்டு நிக்கிறீங்க?"

"புள்ள உள்ள மாட்டிக்கிட்டாங்க. சாவியும் உள்ள."

"ஐயோ, வண்டி ஓடிகிட்டுல்ல இருக்கு!"

பாதையோரத்தில் கிடந்த கற்களை ஆளுக்கொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் கல்லை வைக்க ஒருத்தி குனிந்தபோதுதான் அது நடந்தது. கார் அசைந்தது. கிறீச்சென்று ஒரு சத்தம், பின்சக்கரம் என் கல்லில் போய் இடித்து, கல் சேற்றில் ஒரு கோடு போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றது. குனிந்தவள் துள்ளி விலகினாள். உள்ளே மகள் நிலைதடுமாறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் 'அம்மா' என்று திறந்து மூடியது, சத்தம் எனக்கு வரவில்லை.

ஒரு பெண் பின்னால் போய் பம்பரில் முதுகைக் கொடுத்து நின்றாள். "அக்கா, தள்ளி நில்லுங்க! உங்க மேல ஏறிரும்!" என்று அலறினேன். அவள் நகரவில்லை. மற்றவர்கள் இரண்டு சக்கரத்துக்கும் கல்லை நெருக்கி அடுக்கினார்கள். அடுக்கினாலும் அடியில் சேறுதானே, எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஒருத்தியின் கைபேசியில் கணவருக்கு அடித்தேன்.

"ஸ்பெயார் சாவிதான் அலமாரில இருக்கே," என்றார்.

"அலமாரிச் சாவி எங்க?"

"ஒன் கொத்துலதானே இருக்கு."

அதைச் சொன்ன பிறகு அவருக்கே புரிந்தது. பிறகு, "ஒடைச்சாவது எடுத்துகிட்டு வாறேன்," என்றார். பதுளையிலிருந்து பண்டாரவளை, வாசற்கதவு, அலமாரி, அங்கிருந்து இங்கே. இருட்டிவிடும். நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"கண்ணாடிய ஒடைச்சிருவமா டீச்சர்?" என்றாள் இன்னொருத்தி.

உடைக்கலாம். ஆனால் ஓங்கி அடித்தால் வண்டி குலுங்கும், இந்தப் பிரேக் இன்னொரு குலுக்கலைத் தாங்குமா? பின்னால் ஒருத்தி முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தேன். மகளின் கண்ணில் நீர் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பி நிறுத்திய பிள்ளை அப்படித்தான் நிற்கும். அந்த நிலையில் நிற்கிற பிள்ளைக்கு ஒன்றுக்கு ஒன்று கூட்டக்கூட வராது. இது எனக்குத் தொழிலாகத் தெரிந்த விஷயம். கத்துவதை நிறுத்தினேன். நிறுத்துவது லேசாக இல்லை, தொண்டை தானாகக் கத்தியது.

அவளுடைய முன்பள்ளியில் காலையில் ஒரு விளையாட்டு உண்டு. டீச்சர் மூக்கைத் தொட்டால் பிள்ளைகள் மூக்கைத் தொட வேண்டும், காதைத் தொட்டால் காது. வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். நான் வாயைத் திறக்காமல் என் மூக்கைத் தொட்டேன்.

மகள் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. நான் காதைத் தொட்டேன், மறுபடி மூக்கைத் தொட்டேன். என் முகத்தில் மழை வழிந்தது. சிரிக்கப் பார்த்தேன், அது எப்படி வந்ததோ. பின்னால் நின்ற பெண்களுக்கு என்ன தோன்றியதோ, டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்றவள் தானும் மூக்கைத் தொட்டாள். அடுத்தவளும் தொட்டாள். சேற்றுக் கையோடு எல்லாரும் மூக்கைத் தொட்டு நின்றார்கள்.

மகளின் கை பின்னாலிருந்து மெதுவாக முன்னால் வந்தது. மூக்கைத் தொட்டாள்.

காது. தொட்டாள். தலை. தொட்டாள். அடியில் கல் நெரிபடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவளும் பார்ப்பாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். அவளும் உள்ளே அதே இடத்தில் வைத்தாள். கையைக் கீழே இறக்கினேன். அவள் கை கூடவே இறங்கியது. குமிழுக்கு நேரே வந்ததும் இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளி மேலே தூக்குவதுபோலக் காட்டினேன். அவள் கிள்ளினாள், வழுக்கியது. மறுபடி காட்டினேன். குமிழ் எழும்பியது.

கதவைப் பிடுங்கித் திறந்து ஒரு கையால் அவளை அள்ளிப் பக்கத்தில் நின்றவளிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு, உள்ளே ஏறிக் காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தினேன். "வெலகுங்க அக்கா!" என்று பின்னால் நின்றவளுக்குக் கத்தினேன். கியரைப் போட்டு, என்ஜினை நிறுத்தி, சாவிக்கொத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். பெண்கள் மகளைப் படங்குச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள்.

அந்த வாரமே ஹேண்ட் பிரேக்கை இறுக்கினோம், சென்டர் லொக்கைக் கழற்றினோம். அலமாரிக்குள் இருந்த மேலதிகச் சாவியை எடுத்து, ஊக்கு கோர்த்து வைக்கும் இடத்தில், தாலிக்கொடியிலேயே கோர்த்துவிட்டேன். சக ஆசிரியைகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அது என் கழுத்தைவிட்டு இறங்காது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, நான் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது மகள் அந்தச் சாவியைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது கார் சாவிதானேம்மா? ஏன் கழுத்துல போட்டிருக்கீங்க?"

"நீங்க உள்ள மாட்டிக்கிட்டா அம்மா ஒடனே தெறக்கணும்ல, அதுக்குத்தான்."

அவள் யோசித்தாள். "அப்ப இனிமே நான் தப்பு செஞ்சா, கொஞ்ச நேரந்தான் பூட்டி வைப்பீங்களா?"

"யாரும்மா உங்கள பூட்டி வச்சது?"

"நீங்கதான். வெளிய நின்னு ஏசுனீங்க. நான் மூக்கத் தொட்டு, சொன்னதெல்லாம் செஞ்ச பொறகு தெறந்தீங்க." பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "நான் என்ன தப்பும்மா செஞ்சேன்?"

சேலை மடிப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. இவ்வளவு நாளும், தான் செய்த குற்றம் என்னவென்று தேடிக்கொண்டே இந்தப் பிள்ளை என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். கதவு, கல், பூட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளுக்கு விளங்குகிற மாதிரி சொல்லத் தொடங்கினேன். அன்று இரண்டு பேரும் பாடசாலைக்குப் பிந்தித்தான் போனோம்.