குதிக்காத ராணி

நேற்று ரயில் ஆம்பூரில் நின்றபோது, சன்னல் வழியாகத் தோல் பதனிட ஊறவைத்த ஆவாரம்பட்டையின் வாடை வந்தது. எதிரே இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. தோல் கிடங்குக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான்; எங்கள் சோற்றிலும் அதே வாடைதான், பாயிலும் அதே வாடைதான்.

என்னைப் பேசவிட்டால் நிறுத்தமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்வார். சின்ன வயதில் எனக்கு ஊமைச்சி என்று பேர். சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.

கிடங்கில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியின்மேல் நடக்க ஒரு பலகை போட்டிருந்தார்கள். அது உளுத்துப்போயிருக்கிறது என்று அங்கே வேலை செய்த அம்மா மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நடடி, ஒண்ணும் ஆவாது" என்பார் அவர். ஒருநாள் ஈரத்தோலைச் சுமந்து போகையில் பலகை ஒடிந்து குழிக்குள் விழுந்தாள். அவளுக்குக் கஞ்சி கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே எடுத்தபோது உயிரில்லை. மேஸ்திரி என் தோளை அழுத்திப் பிடித்துக் காதோரம் சொன்னார்: "வாயத் தொறந்தே, உங்கப்பனுக்கும் இதே குழிதான்."

புருஷனோடு சண்டை போட்டுவிட்டுக் குதித்துவிட்டாள் என்று ஊரில் பேச்சாயிற்று. மாமன் வீட்டார் அப்பாவைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் வாயை மூடினேன். பிறகு திறக்க நினைத்தபோது பேச்சு வரவில்லை.

கொஞ்சம் வளர்ந்ததும் பட்டை இடிக்கும் பெண்களோடு என்னையும் சேர்த்துவிட்டார்கள். அலுப்புத் தெரியாமலிருக்க அவர்கள் கதை சொல்வார்கள். அன்றைக்குக் கன்னியம்மா, ராஜாவோடு கோபித்துக்கொண்டு கிணற்றில் குதித்த ராணியின் கதையைச் சொன்னாள்.

"குதிக்கல" என்றேன்.

உலக்கைகள் நின்றன. என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

"அந்த ராணி பலகை மேல நடந்தா. உளுத்துப் போச்சின்னு மந்திரிகிட்ட சொல்லிக்கினேதான் இருந்தா. அவன் கேக்கல."

அம்மா என்று ஆரம்பித்திருந்தால் நாக்கு எழும்பியிருக்காது. ராணி என்றதால் முடிந்தது. குழி, சுண்ணாம்பு, தோளை அழுத்திய கை, எல்லாவற்றையும் சொன்னேன்.

கன்னியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த ராணி பேரு இன்னாடி கண்ணு?"

"முனியம்மா."

சாயங்காலம் அவர்களே என்னை அப்பாவிடம் அழைத்துப் போனார்கள். மறுபடி சொன்னேன், ராணி இல்லாமல்.

"எனுக்காகவாடி இத்தினி நாளா வாயக் கட்டிக்கினு கெடந்தே?" என்று அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். விஷயம் தெரிந்து மாமன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் வேலை போயிற்று. குடியாத்தம் போய்த் தறியில் பிழைத்தோம்.

இப்போது அந்தக் குழியைத் தூர்த்து மேலே வீடு கட்டிவிட்டார்களாம். கன்னியம்மா காலராவில் போய்விட்டாள். அம்மாவுக்குப் படம் கிடையாது. அவள் செத்த கதையை யார் கேட்டாலும் தடங்கலில்லாமல் சொல்வேன். அவள் சிரித்தால் எப்படி இருப்பாள் என்று போன வாரம் என் மகள் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.