விலாசத்துக்கு ஒரு தகுதிச் சான்றிதழ்

தோட்டத்தில் வேலை பெறும் தாயகம் திரும்பிய குடும்பத்துக்கு, வேலையில் சேரும் நாளிலேயே குடியிருக்க வீடும் கொடுக்கப்பட வேண்டும். இதுவே விதி. எங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தும் என்பதில் எந்த அலுவலகமும் ஒருபோதும் ஐயப்பட்டதில்லை. கொடுக்கத்தான் இல்லை.

என் தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இருந்தவரை ‘வாடா, போடா’ என்றே அழைத்தேன். அச்சில் ‘அவர்’ என்று எழுதுவது முறை. முறைகளை மதித்தே வாழ்ந்த மனிதருக்கு அது தகும்.

இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தார். தோட்டப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. நான் ஓய்வு பெற்ற ஆண்டில் இந்தியா திரும்பும் கப்பலில் எங்கள் முறை வந்தது. தம்பி, அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், நான் என ஐவரும் மண்டபம் முகாம் வழியாக நீலகிரியில் குந்தாப் பக்கம் வந்து சேர்ந்தோம். தம்பி மனைவிக்கு அங்குள்ள தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வேலை கிடைத்தது. வீட்டுக்கு மனுச் செய்யச் சொன்னார்கள். மனுவை நான் எழுதினேன், விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டு.

“ஒங்க எழுத்த பாத்தே வீடு குடுத்துருவாங்கக்கா” என்றார் தம்பி.

குன்னூரில் ஒரு பட்டறையின் பின்புறம் பழைய வேன் ஒன்று செடி முளைத்துக் கிடந்தது. சீமைக்குத் திரும்பிவிட்ட ஒரு துரை, காட்டுக்குப் போகும்போது தங்குவதற்காகக் கட்டில், அலமாரி, அடுப்பு மேடை வைத்துக் கட்டியது. தம்பி எட்டு மாதம் அந்தப் பட்டறையில் உழைத்து, கூலிக்குப் பதிலாக அதைப் பெற்றார். பிக்கட்டியில் படகர் பெரியவர் ஒருவர் தம் உருளைக்கிழங்குக் காட்டோரத்தில் நிறுத்த இடம் தந்தார். பகலில் இருக்கைகளைப் போட்டால் வாடகை வண்டி. பொழுது சாய்ந்தால் எங்கள் வீடு.

மனுவில் விட்டிருந்த இடத்தில் விலாசமாக அந்த வண்டியின் எண்ணையே எழுதினேன். அலுவலகம் ஏற்றுக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. ஓடத் தகுதியற்ற வண்டி விலாசம் ஆகாது. ஆகவே ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழின் (எஃப்.சி.) நகலைக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மனு தள்ளுபடி. புதிய மனு, புதிய வரிசை. ஐந்து பேர் வசிக்க அந்த வண்டி தகுதியானதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதல் ஆண்டுச் சோதனையை மறக்க முடியாது. துரை லயத்தைப் பார்வையிட வருமுன் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். சோதனை என்றால் எங்களுக்குத் தெரிந்த தயாரிப்பு அதுதான். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் தம்பி பார்த்து முடித்தார். உள்ளும் அடியும் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அவர் மனைவியின் பங்கு. ஊட்டியில் வாகன ஆய்வாளர், அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் படியெடுக்கக் குனிந்தார். எண் இருந்த இடத்தில் வெள்ளைதான் இருந்தது. நிமிர்ந்தபோது அவர் சட்டையிலும் இருந்தது.

“ஏனுங்க, எஃப்.சி.க்கு வந்தீங்களா, பொங்கலுக்கு ஊட்டை வெள்ளையடிச்சுக் கொண்டாந்தீங்களா?”

“எங்க தோட்டத்துல சோதனைன்னா மொதல்ல சுண்ணாம்புதாங்கய்யா.”

“அடிச்சது நல்லாத்தான் இருக்குதுங்க. நம்பரைத் தேடி எடுத்து வையுங்க, டீ குடிச்சுப்போட்டு வர்றேன்.”

தோசைக்கரண்டியால் சுரண்டி எடுத்தோம். சான்றிதழ் கிடைத்தது. மனுவுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அதே வேலை. பதிவுப் புத்தகத்தில் இல்லாத கட்டில்களைக் கழற்றி, பாத்திரம், சாமிபடம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் காட்டோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வைப்போம். வண்டி ஊட்டியிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பாடம் படிப்பார்கள். வாடகைக்கு ஓர் அறை பார்க்கும்படி உறவினர் சொன்னதுண்டு. தம்பி கேட்கமாட்டார். “பதில் வர்ற அன்னைக்கி வெலாசம் உசுரோட இருக்கணும்ல” என்பார். பிரசவ வலி என்று யார் கூப்பிட்டாலும், எங்களை எழுப்பிக் காட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போவார். நாங்கள் முணுமுணுத்ததுண்டு, அவர் ஒருமுறையும் மறுத்ததில்லை.

ஒன்பதாம் ஆண்டு ஐப்பசியில் மார்வலி வந்தது. குன்னூர் மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். கடைசியாக என்னிடம் கேட்டது, “எஃப்.சி. எப்பக்கா முடியுது?” என்பதுதான். அவர் போன பிறகு கணக்குப் பார்த்தேன். சான்றிதழ், அவர் இறந்த பதினைந்தாம் நாளோடு முடிவதாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் நானும் தம்பி மனைவியும் கட்டில்களைக் கழற்றினோம். உறவினர் ஒருவர் தடுத்தார். “கருமாதி முடியாம பொம்பள வீட்ட விட்டு எறங்கலாமா?”

தம்பி மனைவி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “நான் எறங்கலீங்க மாமா. உள்ளயேதான் இருக்கப்போறேன். வீடுதான் ஊட்டிக்குப் போகுது.”

மறுநாள் அப்படியே போனோம். சோதனை முடியும்வரை தம்பி மனைவி இருக்கையை விட்டு எழவில்லை. இடையில் மாறுதலாகிப் போய்த் திரும்பியிருந்த அதே ஆய்வாளர்தான் வந்தார். சேஸிஸ் எண் துடைத்துத் தயாராக இருந்தது.

“சுண்ணாம்புக்காரரு வரலீங்களா?”

நான் சொன்னேன். அவர் பென்சிலைப் பையில் வைத்தார். பிறகு எடுத்து, எல்லாவற்றையும் விதிப்படியே பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். ஒன்றையும் விடவில்லை. அதற்காகவே அவருக்கு என் முதல் நன்றி.

ஒன்பது ஆண்டு இடம் தந்த படகர் பெரியவருக்கும், பிரேக்கைச் சரிசெய்த பட்டறைத் தோழர்களுக்கும், அன்று வண்டியை ஓட்டிய பக்கத்துத் தோட்டத்து டிரைவருக்கும், வண்டி எண்ணை விலாசமாக மதித்துக் காட்டுக்குள் நடந்து வந்த தபால்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தத் தபால்காரர் கொண்டுவந்த உறையில் இரண்டே வரி இருந்தது: மேற்கண்ட விலாசத்தில் வசிக்கும் குடும்பம், நடப்புத் தகுதிச் சான்றிதழைக் காட்டி வீட்டுச் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம்.

பதில் வந்து சேர்ந்த தேதி: பழைய சான்றிதழ் முடிந்த மறுநாள், தம்பியின் பதினாறாம் நாள்.