மோப்பக்கா போடாத கையெழுத்து

எங்கள் சலவைக் கடையில் அவரை எல்லோரும் மோப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்தத் துணி வந்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். பிறகு டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கடைசியில் ஈர விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்ப்பார். நான் அடுத்த மேஜையில் இஸ்திரி போடுகிறவள். எனக்குப் பேச்சு அதிகம் வராது. அதனால் பதினோரு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அவருடைய கறை மேஜைக்குக் கீழே மூன்று கூடைகள் இருக்கும். முதல் கூடையில், அழுக்கு துணிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும் உருப்படிகள். சேறு, மெழுகு, மாவு மாதிரி. தட்டினாலோ சுரண்டினாலோ போய்விடும். இரண்டாவதில், கரைந்து இழைக்குள் இறங்கியவை. உப்பு, சர்க்கரை என்றால் தண்ணீர் இழுத்துவிடும். எண்ணெய் என்றால் டிரை கிளீனிங் மெஷினுக்குள் ஓடும் திரவம் இழுக்கும். ஒன்றுக்கு உரியதை மற்றதற்குக் கொடுத்தால் அசையாது. மூன்றாவது கூடையில் கறையே கிடையாது. கருகிய காலர், பிளீச் தின்ற சட்டைக் கை எல்லாம் அதற்குள் போகும். "இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பழைய துணி போயிடுச்சு, இது வேற பொருள்" என்று சொல்லி, சீட்டு எழுதித் திருப்பி அனுப்புவார்.

அந்த மூன்றாவது கூடைதான் மேனேஜருக்கு ஆகாது. அவர் கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவர். அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு கூடையா?" என்பார்.

"முடியும்னு பொய் சொல்றதுக்கு ஒரு கூடை வாங்கிக் குடுங்க சார், அதையும் வெச்சுக்கறேன்" என்பார் அக்கா.

அக்கா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இங்கே சேர்ந்தபோது, துணிகளின் பைகளைத் துழாவிப் பேனாவும் ஊக்கும் எடுத்துவைப்பதுதான் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் கந்தல் துண்டுகளில் மை, டீ, துரு என்று தடவி, எது எதற்குக் கட்டுப்படுகிறது என்று தானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கையில் மருந்து வாடை வருகிறது, வேலையை விட்டுவிடு என்று வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னாராம். "அப்ப சமையலை நீங்க பாத்துக்குங்கன்னுட்டேன். மூணு நாள் பாத்தாரு. நாலாம் நாள் எந்த வாடையும் வரலயாம்."

போன மழைக்காலத்தில் மேனேஜர் கவுன்ட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். அவசர ஆர்டர் துணிகள் இனி கறை மேஜைக்கு வர வேண்டாம், நேரே மெஷினுக்குப் போகலாம் என்று எழுதி, கீழே தன் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"சக்கரை அந்த மெஷின்ல கரையாது சார். காஞ்சுட்டா கண்ணுக்கும் தெரியாது. தண்ணி தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் அக்கா.

"கெமிஸ்ட்ரி படிச்சது நீங்களா, நானா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதம் ஒரு வங்கி அதிகாரி அம்மாளின் வெளிர்மஞ்சள் கம்பளிக் கோட்டு அவசர ஆர்டரில் வந்தது. என் மேஜைக்கு வந்தபோது பளிச்சென்று இருந்தது. சூடு வைத்து எடுத்தேன். நெஞ்சுப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் நான்கைந்து பழுப்புத் திட்டுகள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் வந்து கோட்டைப் பார்த்து லெட்டர் கேட்டதும் மேனேஜர் அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கோட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கடிதம் தயாராக இருந்தது. தவறான ரசாயனத்தை ஊற்றிக் கோட்டைக் கெடுத்துவிட்டேன், மன்னிக்கவும் என்று அக்கா எழுதியது போல.

"கையெழுத்துப் போடுங்க. மேடம் கேக்கறது ஒரு லெட்டர்தான். நாளைலேருந்து நீங்க துணி மடிக்கிற மேஜைக்குப் போயிடுங்க."

"நான் தொடாத கோட்டுக்கு நான் எதுக்குப் போடணும்?" அக்கா கோட்டை வாங்கி முகர்ந்தார். "கருகின சக்கரை. மேடம், நிறமே இல்லாத இனிப்பு ஏதாவது கொட்டுச்சா?"

அந்த அம்மாள் யோசித்தார். "ஆபீஸ் மீட்டிங்ல எலுமிச்சை சோடா கொஞ்சம் சிந்துச்சு. உடனே காஞ்சிடுச்சே. ஒரு தடமும் இல்ல, அதான் சொல்லல."

மேனேஜர் சிரித்தார். "சக்கரைதானே? கரையறது பௌதிக மாற்றம். தண்ணில அலசினா திரும்ப வந்துடும். எடுத்துக் குடுங்க, பாப்போம்."

"நேத்து அலசியிருந்தா வந்திருக்கும். இப்ப அது சக்கரையே இல்ல."

அக்கா பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சோடா வரவழைத்தார். இரண்டு வெள்ளைத் துண்டுகளில் சொட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே காயவைத்தார். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றைத் தண்ணீரில் அலசினார். ஈர விரலில் பிசுக்கே இல்லை. மற்றதை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, சூட்டை வை."

என் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். சொட்டு விழுந்த இடமெல்லாம் பழுப்பாக எழுந்தது. அக்கா அதை மேனேஜர் கையில் கொடுத்துக் குழாயைக் காட்டினார். அவர் அலசினார். சோப்புப் போட்டார். நகத்தால் தேய்த்தார். பழுப்பு அப்படியே நின்றது.

"சூடு படறவரைக்கும் பௌதிக மாற்றம் தம்பி. பட்டதுக்கப்புறம் வேதி மாற்றம். புத்தகத்துல அடுத்த பக்கம்தான் இருந்திருக்கும், புரட்டியிருக்கலாம்."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. கடிதத்தை என் பக்கம் திருப்பினார். "அப்ப சூடு வெச்சவ இவதானே? நீ போடு."

"அவளும் போட மாட்டா" என்றார் அக்கா.

மேனேஜர் என்னையே பார்த்தார். "நான் போட மாட்டேன் சார்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

அதிகாரி அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்தார். "முன்னாடியே தண்ணி தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"விரல்ல ஒட்டியிருக்கும் மேடம். பத்து நிமிஷ வேலை. ஆனா அவசரத் துணி என் மேஜைக்கு வரக் கூடாதுன்னு உத்தரவு." அக்கா கண்ணாடி வழியாகச் சுவரைக் காட்டினார்.

அந்த அம்மாள் எழுந்து போய் அறிவிப்பை முழுவதும் படித்துவிட்டு வந்தார். "கொட்டினதைச் சொல்லாதது என் தப்பு. அதை ஒத்துக்கறேன். பாக்க வேண்டாம்னு சொன்னது யார் தப்போ அவங்க லெட்டர் எழுதட்டும்."

மேனேஜர் பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டார். புதிதாக எழுத ரொம்ப நேரம் பிடித்தது. எழுதியதை அக்கா கேட்டு வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்.

"'பணியாளர் கவனக்குறைவால்'னு ஒரு வரி இருக்கு. அதை அடிங்க."

அடித்தார்.

"அவசரத் துணியும் இனிமே என் மேஜைக்கு வரும்னு சேத்து எழுதுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இன்னொரு தடவை பார்த்தார்.

"தேதி போடலயே தம்பி" என்றார்.