இந்த லென்ஸுக்கு இது வராது

கண்ணாடிக்கடையின் பின்னறையில் இருபது வருஷமாக லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக்கொண்டிருந்தவளுக்கு ஞாபகசக்தி ரொம்ப அதிகம். யாருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு பவர், யார் சிரித்துப் பேசினார்கள், யார் எகிறினார்கள், எதையும் மறக்கமாட்டாள். நல்லது செய்தவர்களை ஞாபகம் வைத்திருப்பாள். கெட்டது செய்தவர்களை இன்னும் கொஞ்சம் நன்றாக வைத்திருப்பாள். கூடவே குடியிருக்கும் தையற்கார அக்கா, "உனக்கு இருக்கறது மனசில்லடி, பூட்டு போட்ட பீரோ" என்பாள்.

அந்த பீரோவில் கடைசியாகப் போய் உட்கார்ந்தவர் பல் டாக்டர். ஊர்ப் புகைப்படக் குழுவுக்கு ஒன்பது வருஷமாக அவர்தான் தலைவர், மாதப் போட்டிக்கும் அவரே நடுவர். எடுத்தவர் பெயர் சொல்லாமல் படங்கள் திரையில் வரும். படத்தை நடுவிலிருந்து பார்ப்பவன் கத்துக்குட்டி, மூலையிலிருந்து உள்ளே வர வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். கையிலிருக்கும் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைத் திரையின் நாலு மூலைக்கும் ஓட்டி, குறை சொல்லி, நடுவுக்கு வந்து மார்க்கைச் சொல்வார். மார்க்கைச் சொன்னால்தான் செயலாளர் அடுத்த படத்தைப் போடுவார். அது குழுவின் விதி, அவரே எழுதியது.

அவளிடம் இருந்தது பழைய கேமரா ஒன்று, அதோடு சேர்ந்து வந்த சின்ன லென்ஸ் ஒன்று. கடையின் பின்பக்கம், லென்ஸ் தேய்க்கும் மெஷினின் தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சொட்டும் இடத்தில் தேன்சிட்டு ஒன்று குளிக்க வரும். மதிய இடைவேளை முழுக்க அங்கே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதம். கடைசியில் அவள் ஏதோ பழைய நாற்காலி என்று சிட்டு முடிவுகட்டிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் வந்து இறக்கையை விரித்துக் குளித்தது. அதைத்தான் போட்டிக்கு அனுப்பினாள்.

படம் திரையில் வந்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. பல் டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. விதியை மீறி, எடுத்தது யார் என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். எந்த லென்ஸ் என்றார். கேமராவோடு வந்ததுதான் என்றாள்.

"அந்த லென்ஸுக்கு இது வராதும்மா," என்றார் அவர், பல் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற அதே இனிப்பான குரலில். "நெட்ல எங்கேருந்து எடுத்தீங்க?"

நாற்பது பேர் சிரித்தார்கள். பூஜ்யம் என்று மார்க் சொல்லிப் படத்தைத் தள்ளினார். அவள் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. பல் டாக்டர் பரிசு வாங்கிய படங்களைப் போனில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

சின்னக் கீறலையும் கண்டுபிடிக்கப் பழகிய கண். மூன்று வருஷம், மூன்று பரிசு, மூன்று மீன்கொத்தி, ஆனால் உட்கார்ந்திருந்த குச்சி ஒன்றுதான். அதன் நுனி ரம்பத்தால் அறுத்ததுபோல நேராக இருந்தது. காட்டில் காத்துக் கிடந்து எடுத்தேன் என்று மேடைக்கு மேடை முழங்கியவர், குச்சியையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார்! அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் ஜிவ்வென்று சந்தோஷம் ஏறியது.

படங்களின் பின்னணியில் மங்கலாகத் தெரிந்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை வைத்து இடத்தைப் பிடித்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் ஏரி. வார விடுமுறைக் காலையில் போய், இடிந்த மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். எட்டு மணிக்குப் பச்சைத் தொப்பியோடு பல் டாக்டர் வந்தார். முழங்கால் தண்ணீரில் கண்ணாடித் தொட்டியை அமிழ்த்தினார், வாளியிலிருந்து உயிர்மீனை அதற்குள் விட்டார், மீன்கொத்தி வந்து உட்கார மேலே குச்சியை நட்டார். அவர் போன பிறகு கொட்டகையிலிருந்து கரை வரை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்து பார்த்தாள். தொண்ணூறு எட்டு.

அடுத்த வாரமே பழைய கேமராவைக் கொடுத்து, சேமிப்பையும் சேர்த்து, உள்ளே கண்ணாடியில்லாத புது மிரர்லெஸ் கேமரா வாங்கினாள். பழையது சடக் சடக்கென்று கத்தும். சிட்டுக்கு அது பழகிப்போனது, பல் டாக்டருக்குப் பழகியிருக்காது. புதியது மூச்சுவிடாமல் படம் எடுக்கும். மிச்சமிருந்த காசு ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் காணும்.

கடைக்காரர் நாலைந்தை எடுத்து வைத்தார். ஒன்று, பூச்சியின் மீசையைக்கூட எண்ணிவிடக்கூடிய கிட்டப்பார்வை லென்ஸ், அவள் பல வருஷமாக ஏங்கியது. கையில் எடுத்து, தடவிப் பார்த்து, திரும்ப வைத்தாள். ஜூம் லென்ஸ் பாதித் தூரம்தான் போகும். நீளமான வெள்ளை லென்ஸைத் தொட்டுப் பார்க்கவும் வசதி போதாது.

"எவ்வளவு தூரத்துல எடுக்கணும்?" என்றார் கடைக்காரர்.

"தொண்ணூறு எட்டு வெக்கற தூரம்."

"பறவையா?"

"ஆமா. ஆனா பறக்காது. ஒரே இடத்துல குனிஞ்சு நிக்கும்."

கடைக்காரர் யோசித்து, அடித்தட்டிலிருந்து குட்டையாக, குண்டாக ஒன்றை எடுத்தார். பழைய மிரர் லென்ஸ், ஐந்நூறு எம்எம். உள்ளே கண்ணாடி வைத்துத் தூரத்தை மடக்கியது. கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும், நல்ல வெயில் வேண்டும், பின்னால் மினுக்கம் இருந்தால் படத்தில் வளையல் வளையலாக விழும், அதனால் எவரும் இதைச் சீண்டுவதில்லை என்று உள்ளதைச் சொன்னார். கண்ணாடியில்லாத கேமராவுக்குக் கண்ணாடி வைத்த லென்ஸ், வாங்குவதோ கண்ணாடிக்கடைக்காரி. பொருத்தம் போதும் என்று வாங்கிக்கொண்டாள்.

அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஒரு ஆளைப் பழிவாங்க உன் ஆசையை விட்டுட்டு வரியேடி. அப்புறம் இதை வெச்சு என்ன எடுப்ப?"

"ஆசை அடுத்த வருஷமும் இருக்கும்க்கா. அந்த ஆளு அடுத்த வருஷமும் தலைவரா இருக்கக் கூடாது."

மூன்று வாரம் அவர் ஏரிக்கு வரவில்லை. நாலாவது வாரம் வந்தார். மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் கேமராவை வைத்து, மூச்சைப் பிடித்து, தொப்பியின் ஓரம் கூர்மையாகத் தெரியும் வரை வளையத்தைத் திருப்பினாள். அவர் ஏரியைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்தார், முகம் பக்கவாட்டில் திரும்பியது. சத்தமே இல்லாமல் முப்பது படம். கையும் களவுமாக என்று சும்மாவா சொல்கிறோம். கையில் குச்சி, தண்ணீருக்கு மேல் விளிம்பு துருத்திய கண்ணாடித் தொட்டி.

அந்த மாதப் போட்டியின் தலைப்பு 'உழைக்கும் கைகள்'. ஆறாவதாக அவள் படம் வந்தது.

பல் டாக்டர் வழக்கம்போல மேல் மூலையில் சிவப்புப் புள்ளியை வைத்தார். "பாருங்க, வளையம் வளையமா இருக்கு. இது பழைய மிரர் லென்ஸ், ஐந்நூறு எம்எம். காசு பத்தாதவங்க வாங்கறது." லென்ஸைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்த பெருமையில் கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். புள்ளி மற்ற மூலைக்குப் போனது, அங்கேயும் வளையத்தைத் திட்டினார். கீழே இறங்கியது. "இந்த மூலையில ஒரு பிளாஸ்டிக் வாளி. தேவையே இல்ல, கவனத்தைக் கெடுக்குது."

பிறகு நடுவுக்கு வந்தார்.

புள்ளி பச்சைத் தொப்பியின் மேல் அப்படியே நின்றது. பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. அதே நாற்பது பேர்.

"யார்... யார் எடுத்தது இது?"

அவள் எழுந்தாள். இத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசவெல்லாம் இப்போது தேவைப்படவில்லை. "நான்தான் சார். லென்ஸ் எதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்த லென்ஸுக்கு இது வரும்தானே?"

அவர் அவசரமாகச் செயலாளரைப் பார்த்து, அடுத்த படம் என்று கையைக் காட்டினார். செயலாளர் ஒன்பது வருஷமாக அவருக்குக் கம்ப்யூட்டர் பொத்தான் அமுக்கியே விரல் தேய்ந்தவர். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"மார்க் சொல்லுங்க சார். சொன்னாத்தான் அடுத்தது போட முடியும்."

படம் திரையிலேயே நின்றது. அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை. ஒரு சிட்டுக்காக நாலு மாதம் அசையாமல் உட்கார்ந்தவள் அவள்.