வணக்கத்துக்கு ஒரு காவல்காரன்

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் பிழைப்பு. கடலூர் வீட்டில் உட்கார்ந்தபடியே, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளில் செய்கிறேன். அதே மென்பொருளோடு மல்லுக்கட்டும் தமிழ்க்காரர்களுக்காகச் செல்போனில் ஒரு குழு நடத்துகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குழுவில் எல்லோருக்கும் அது தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் 'வணக்கம்' என்று போடுவார்கள். போட்டுவிட்டு அப்படியே நிற்பார்கள். யாராவது பதில் வணக்கம் சொன்னால்தான் கேள்வி வெளியே வரும். எனக்கு மண்டை காயும். கேள்வியை நேராகக் கேளுங்கள் என்று விதி எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை. கடைசியில் ஒரு குட்டி நிரல் எழுதிக் குழுவில் காவலுக்கு நிறுத்தினேன். வெறும் வணக்கமும் நலவிசாரிப்பும் வந்தால் அது அழித்துவிடும். மூன்றாவது முறை ஆளையே வெளியேற்றிவிடும். பழைய உறுப்பினர்கள் கைதட்டும் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு நாள் மத்தியானம், காவல்காரன் அழித்தவற்றின் பட்டியலை ஆசையாகத் திறந்து பார்த்தேன். ஒரே பெண்ணிடமிருந்து மூன்று. காலையில், 'வணக்கம் சார்.' பத்து மணிக்கு மேல், 'வணக்கம், யாராச்சும் இருக்கீங்களா?' சற்று முன்பு, 'எல்லாரும் சாப்டீங்களா?' அதோடு ஆளை வெளியே தள்ளியாகிவிட்டது. மூன்றாவதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அரை நாள் காத்திருந்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"மன்னிச்சிடுங்க சார், நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டனா?"

"நான் சார் இல்ல, அக்கா. தப்பு என்னுது. என்ன பிரச்சினன்னு சொல்லும்மா" என்று எழுதிவிட்டு, போனிலேயே கூப்பிட்டேன்.

சிதம்பரத்தில் இருந்தாள். வாழ்க்கையில் முதல் வேலை: ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டுமலர். பிள்ளைகள் வரைந்த படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிகின்றன. அச்சகத்தில் திறந்தால் வெறும் கட்டங்கள்தான். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம்.

"மொத வேலயே போச்சுன்னா அப்பறம் யாருக்கா என்ன நம்பிக் குடுப்பாங்க?"

போனிலேயே விளக்கப் பார்த்தேன். பதற்றத்தில் அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. என் குரலும் ஏற ஆரம்பித்தது. கத்தித் தொலைப்பதற்குள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

"வாங்கக்கா, உக்காருங்க. தண்ணி குடிங்க. ரெண்டு தோச ஊத்தறேன்."

"தோச இருக்கட்டும். மொதல்ல ஃபைலக் காட்டும்மா."

"இருங்கக்கா. வந்தவங்கள வாசல்லயே நிக்க வெச்சு யாராச்சும் வேலயப் பேசுவாங்களா?"

வேலை போகிற நேரத்திலும் சட்னி அரைத்தாள். பாதி தோசையில் எனக்கு விளங்கியது. குழுவிலும் அவள் இதைத்தான் செய்திருக்கிறாள். யாராவது 'வாங்க' என்று சொல்லட்டும் என்று வாசலில் நின்றிருக்கிறாள். நான் கதவை முகத்தில் சாத்தியிருக்கிறேன்.

கோளாறு சின்னதுதான். பக்கங்கள் இருக்கும் ஃபைலுக்குள் படங்கள் இருக்காது. எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அவள் ஃபைலை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோயிருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்க்க மென்பொருளிலேயே வழி இருந்தது. ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அச்சகத்துக்குச் சேர்ந்தே போனோம். முதல் பக்கத்தில், ஏதோ ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை வரைந்த பச்சை யானை வந்து நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், இந்த வயதில்.

திரும்பவும் குழுவுக்கு வரச் சொன்னேன்.

"வேணாங்க்கா. அவுங்கல்லாம் பெரிய ஆளுங்க. எனக்கு பயமா இருக்கு."

முகத்துக்கு நேராகத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. திரும்பும் பஸ், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் காவல்காரனை நீக்கிவிட்டேன். வணக்கம் சொல்கிறவரிடம், 'வாங்க, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' என்று கேட்பது பழையவர்களின் வேலை என்று எழுதிப் போட்டேன். "இனிமே இது குட்மார்னிங் குரூப்புதான்" என்று ஒருவர் முணுமுணுத்தார். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆண்டுமலரின் கடைசிப் பக்கம். 'பக்க வடிவமைப்பு' என்று போட்டு, எதிரே அவள் பெயர். அதற்குக் கீழே 'உதவிக்கு நன்றி' என்று எங்கள் குழுவின் பெயர். அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய அதே குழு. வெட்கத்தில் முகம் சுட்டது. சந்தோஷத்தில் கண்ணும் நிறைந்தது.

"இத நீங்களே குரூப்ல போட்டுடுங்களேன் அக்கா."

"நான் போட மாட்டேன். உள்ள வந்து நீயே போடு."

வந்தாள்.