காய்க்காத தெப்பல் மரம்

ஷாணு காவ்கர் யாரிடமும் கை நீட்டாதவர். இதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கோவாவில் கேபே ஊர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் கல்லும் புதருமாகக் கிடந்த சரிவைத் திருத்தி, தன் கையாலேயே கிணறு வெட்டி, ஓடையைத் திருப்பி, பாக்கும் தென்னையும் மிளகுமாக நிற்க வைத்தவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அவர் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பிளக்காமல் திரும்பியவன் அந்த வட்டாரத்தில் கிடையாது. பிளக்காதவனை அவர் விட்டதும் கிடையாது.

அப்படிப்பட்டவரை ஒரே ஒரு மரம் தலைகுனிய வைத்திருந்தது. தெப்பல் மரம்.

அயிலைக் குழம்பு கொதித்து இறக்குகிற நேரத்தில், நசுக்கின தெப்பல் காய் நாலு விழவில்லை என்றால் அது குழம்பே இல்லை, மீன் கழுவின தண்ணீர். நாரத்தைத் தோல் மாதிரி ஒரு வாசனை, நாக்கு நுனியில் சின்னதாக ஒரு மரமரப்பு. எண்ணெய் மீனின் கவிச்சி போன இடம் தெரியாது. வயிறு ஊதிக்கொண்டால் நாலு காயைக் கொதிக்கவைத்த தண்ணீர், பல் குடைந்தால் கடைவாயில் ஒரு தோல். சதுர்த்திக்கு மீன் கிடையாது, ஆனால் தெப்பல் உண்டு. பருப்பும் காய்கறிகளும் தேங்காயும் சேர்த்த கத்கதே என்கிற கூட்டு அது இல்லாமல் பிள்ளையாருக்குப் படைக்கப்படாது. எல்லாவற்றிலும் தோலுக்குத்தான் மரியாதை. உள்ளே இருக்கிற கறுப்பு விதையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

அந்த விதைதான் ஷாணுவின் நெஞ்சில் கிடந்தது. சிறுவயதில் ஒரு சதுர்த்திக்கு முந்தின நாள், அம்மா அவரைப் பெரிய வீட்டுக்கு அனுப்பினாள், கொஞ்சம் தெப்பல் கேட்டு வரச் சொல்லி. வாசலில் வெகுநேரம் நின்றபின் ஒரு இலைப் பொட்டலம் கிடைத்தது. ஓட்டமாக வந்து பிரித்தால், தோல் எடுத்தபின் மிஞ்சின விதை. பளபளவென்று அழகாக இருந்தது. அம்மா அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இனி என் வீட்டுத் தெப்பல் என் மண்ணிலிருந்துதான் என்று அன்றைக்கு முடிவு செய்தவர் ஷாணு.

நிலம் வந்ததும் கன்று நட்டார். தெப்பலில் ஆண் மரமும் உண்டு, பெண் மரமும் உண்டு, பூக்கும்வரை தெரியாது, அதனால் நாலைந்து சேர்த்து நட வேண்டும் என்று ஊரே சொன்னது.

"நான் நட்டா காய்க்கும்யா. ஒண்ணு போதும்" என்றார்.

மரம் ஓங்கி வளர்ந்தது, அடிமரமெல்லாம் முள் முண்டுகளோடு. கோடையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. ஆண் மரம்.

சதுர்த்திக்குப் பிள்ளையார் தலைக்கு மேல் மரச்சட்டம் கட்டி, அதில் காட்டுக்காய், கனி, பாக்குக் குலை என்று தொங்கவிடுவார்கள். மாட்டோளி என்று அதற்குப் பெயர். ஷாணு வீட்டு மாட்டோளியில் அத்தனையும் அவர் தோட்டத்தில் விளைந்தது. நடுவில் மட்டும் ஒரு கயிறு வெறுமனே தொங்கும். கூட்டுக்குச் சந்தையில் தெப்பல் வாங்குவார். வாங்கினதை மாட்டோளியில் கட்ட மாட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்பெரான்சா வீட்டுக் கொல்லையில் பெண் மரம் குலுங்கிக்கொண்டு நிற்கும். அந்த அம்மாள் ஆண்டுதோறும் கொடுத்தனுப்புவதை ஆண்டுதோறும் திருப்பி அனுப்புவார்.

போன சதுர்த்தியில் பஜனைக்காரர்கள் முன்னால் மைத்துனர் குருதாஸ் வாயைத் திறந்தார். "என்ன மாமா, அந்தக் கயித்துல என்ன, காத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்களா?"

மத்தளம் அடித்தவனே சிரித்துவிட்டான். அது ஒரு வருடம் முழுக்க ஷாணுவின் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. இந்த வருடம் சதுர்த்திக்கு முந்தின நாள் காலையில் கோடாலியைத் தீட்டினார்.

"நல்ல நாளும் அதுவுமா பச்சை மரத்தை வெட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி ஷெவந்தி.

"என் மண்ணுல நின்னுக்கிட்டு என்னையே கேலி பண்ணுது. சும்மா விடச் சொல்றியா?"

முதல் வெட்டு விழுந்த சத்தத்தில் எஸ்பெரான்சா மாவுக் கையோடு வேலிக்கு ஓடிவந்தாள்.

"ஷாணு பாப்! கோடாலியைக் கீழ போடுங்க! அது என் மரத்தோட புருஷன்!"

"என்ன உளர்றே?"

"ஒரு வீட்டுல ஒரு விதவை போதும். என் மரத்தையும் தாலியறுக்காதீங்க."

"மரம் வேலி தாண்டிக் குடும்பம் நடத்துமாக்கும்?"

"தேனீ நடத்துதே! உங்க மரம் பூக்கறதுக்கு முன்னாடி என் மரத்துல என்ன இருந்துச்சு? ரசத்துக்குக்கூடத் தேறாது. முள்ளு குத்திச்சுன்னு ஒரு வருஷம் கோபத்துல உச்சி மொத்தத்தையும் கழிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் எனக்கு ஒரு கொத்துகூட வரல."

ஞாபகம் இருந்தது. அந்த வருடம் அவள் மரம் மொட்டையாக நின்றதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்ததும் ஞாபகம் இருந்தது. ஷாணு கோடாலியைத் தரையில் ஊன்றினார். இத்தனை காலம் காய் தன் மரத்தில்தான் தொங்க வேண்டும் என்று அண்ணாந்தே பார்த்திருக்கிறார். பக்கத்தில் பார்க்கவில்லை.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"எதுக்கு? ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பீங்க. சரி, ஏணியை எடுத்துக்கிட்டு வாங்க. நான் குடுத்தாத்தானே வாங்க மாட்டீங்க, நீங்களே பறிச்சுக்குங்க."

அவர் நகரவில்லை. பெரிய வீட்டு வாசலில் நின்ற கால் இன்னும் நின்றுகொண்டிருந்தது போலும். எஸ்பெரான்சா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சற்று நேரம் கழித்துக் கோடாலி விழுகிற சத்தம் மறுபடி கேட்டது. பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். மரம் நின்றது. ஷாணு வேலியை வெட்டி ஆள் நுழைகிற அளவு வழி செய்துகொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வருவது அவருக்கு ஒத்துவராது.

சட்டையை முள் கிழிக்க, அவரே ஏறிப் பறித்தார். பச்சைக் கொத்துகளில் பெரியதை எடுத்து நடுக்கயிற்றில் கட்டினார். மீதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஷெவந்தியைத் தொடவிடாமல், ஒவ்வொரு காயாகப் பிளந்து விதையை நீக்கினார். உள்ளங்கையில் சேர்ந்த கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கொல்லையில் கொட்டினார்.

மறுநாள் குருதாஸ் வந்ததும் அண்ணாந்து பார்த்தார். "அட, கயித்துக்குக் கதி கிடைச்சுடுச்சு! யார் வீட்டுத் தெப்பல் மாமா?"

"என் மரத்துது."

"உங்க மரமா? அது ஆம்பளை மரமாச்சே!"

"ஆமா. காய் வேலிக்கு அந்தப் பக்கம் காய்க்குது. அவ்வளவு பெரிய மரம், ஒரு தோட்டத்துக்குள்ள அடங்குமா?"

மாட்டோளி பார்க்க வந்திருந்த எஸ்பெரான்சா கத்கதேயில் கிடந்த தெப்பலைச் சப்பித் தட்டோரம் வைத்துவிட்டு ஷெவந்தி பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? இதுக்குத்தான் நான் இத்தனை வருஷம் வாயே திறக்கல."